பொதுமேடையில் பிறர் பாடல்: நிகழ்த்துரிமையும் பெயருரிமையும்

1. முன்னுரை

தமிழர் கூடும் எந்த விழாவும் பாட்டின்றி நிறைவு பெறுவதில்லை. பள்ளி விழா, ஆலய விழா, பல்கலைக்கழக மாணவரின் கலை இரவு, கட்டணம் வாங்கி நடத்தப்பெறும் மெல்லிசை நிகழ்ச்சி என எதை எடுத்துக்கொண்டாலும் அங்குப் பாடப்பெறுவனவற்றுள் மிகப் பெரும்பாலானவை பிறர் இயற்றிய பாடல்களே. அவற்றை அறிமுகப்படுத்தும் அறிவிப்பாளர், 'அடுத்து ஒரு டி.எம்.எஸ். பாடல்' என்பார், அல்லது 'இளையராஜா பாடல்' என்பார். அச்சொற்களை எழுதியவர் யார் என்பது அரிதாகவே அவையில் ஒலிக்கிறது. அதனைச் சொல்லாமல் விட்டது ஒரு குறை என்று அவையும் கருதுவதில்லை.

பிறர் பாடலைப் பொதுமேடையில் பாட ஒப்புதல் வேண்டுமா, அதற்குப் பணம் கட்ட வேண்டுமா என்னும் கேள்வி கடந்த சில ஆண்டுகளாகத் தமிழாசிரியரிடையேயும் எழத் தொடங்கியுள்ளது. ஆயினும் பேச்சு பெரும்பாலும் கட்டணத்தோடு நின்றுவிடுகிறது. இதற்கு நாம் வழங்கும் சொல்லும் ஒரு காரணம் எனலாம். 'பதிப்புரிமை' என்ற சொல் நூலையும் அச்சையும் நினைவூட்டுவதால், பாடலை நகலெடுக்காமல் வாயால் பாடுவது அதற்குள் அடங்காது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் அச்சிடுதல், ஒலிப்பதிவு செய்தல், ஒலிபரப்புதல், பொதுவில் நிகழ்த்துதல் ஆகியவை தனித்தனி உரிமைகள். எனவே இக்கட்டுரையில் 'காப்புரிமை' என்ற சொல்லே ஆளப்படுகிறது.

பாடல் யாருடையது என்ற வினாவுக்குத் தமிழ் மரபு என்ன விடை வைத்திருந்தது, இன்றைய சட்டம் என்ன விடை தருகிறது, நம் மேடை இவ்விரண்டுள் எதனைப் பின்பற்றுகிறது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மரபில் பாட்டும் பெயரும்

எட்டுத்தொகை நூல்களைத் தொகுத்தோர் ஆசிரியர் பெயரைப் போற்றிய முறை வியப்புக்குரியது. பெயர் மறைந்துபோன புலவரைக்கூட அவர்கள் பெயரின்றி விட்டுவிட விரும்பவில்லை. அப்புலவரின் பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்து அதையே அவருக்குப் பெயராக்கினர். குறுந்தொகையின் செம்புலப் பெயனீரார் இதற்கு நன்கறிந்த சான்று.

நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது பரிபாடல். இசையோடு பாடப்பெற்ற இந்நூலின் பாடல்கள் பலவற்றின் இறுதியில் மூன்று செய்திகள் குறிக்கப்பெற்றுள்ளன: பாட்டை இயற்றியவர், அதற்கு இசை வகுத்தவர், பாடுதற்குரிய பண். நல்லந்துவனார் பாட்டுக்கு நல்லச்சுதனார் இசை வகுத்தார் என்பதை நாம் இன்று அறிவது இக்குறிப்புகளால்தான். அந்த நல்லச்சுதனாரே வேறொரு பாடலுக்கு ஆசிரியராகவும் விளங்குகிறார். அங்கு இசை வகுத்தவர் இன்னொருவர். சொல்லும் இசையும் வெவ்வேறு உழைப்பு என்பதும், ஒன்றின் பெயரால் மற்றொன்றை மறைத்தல் கூடாது என்பதும் இக்குறிப்புகளை எழுதியோருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தன.

பக்தி இலக்கியத்தில் ஆசிரியரே தம் பெயரைப் பாட்டுக்குள் வைத்தார். திருஞானசம்பந்தரின் பதிகங்கள் திருக்கடைக்காப்பில் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அதே இடத்தில் அப்பதிகத்தைப் பாடுவோர் பெறும் பயனும் கூறப்படுகிறது. இதனை ஒருவகை உரிமம் என்றே கொள்ளலாம். யார் வேண்டுமானாலும் பாடலாம். பாடுவோர்க்கு நன்மையும் உண்டு. ஆனால் பாடும்போது பாடியவரின் பெயர் தானாகவே உடன் ஒலிக்கும். கீர்த்தனை மரபில் முத்திரை என வழங்குவதும் இதுவே. முத்துசுவாமி தீட்சிதரின் 'குருகுஹ' என்பதும் பாபநாசம் சிவனின் 'ராமதாசன்' என்பதும் பாடகர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அவையை எட்டிவிடும்.

படைப்பவருக்கும் நிகழ்த்துவோருக்கும் இடையிலான புகழ்ப் பூசலும் மரபுக்குப் புதிதன்று. சம்பந்தரின் பதிகங்களை யாழிலிட்டு வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் அவருடன் தருமபுரம் சென்றபோது, யாழ்ப்பாணரின் உறவினர், அவர் வாசிப்பதனால்தான் பதிகங்களின் இசை சிறந்து பரவுகிறது என்று பேசினர். அது கேட்டு வருந்திய யாழ்ப்பாணர், கருவியில் அடங்காத பதிகம் ஒன்று பாடுமாறு வேண்டினார். சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்கவில்லை. யாழை உடைக்க முற்பட்ட யாழ்ப்பாணரைத் தடுத்து, இயன்ற அளவு தொடர்ந்து வாசிக்குமாறு சம்பந்தர் பணித்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. இந்நிகழ்ச்சியை இசைத் திறத்தின் போட்டியாகவே பலரும் விளக்குவர். உரிமை நோக்கில் காணும்போது, நிகழ்த்துவோரின் புகழ் ஆசிரியரின் புகழை விழுங்கிவிடும் என்பதைச் சேக்கிழார் காலத்திலேயே தமிழர் உணர்ந்திருந்தமை புலனாகிறது. அதற்குத் தீர்வாக நிகழ்த்துவோரை மேடையிலிருந்து நீக்குவது தகாது என்பதும் அங்கேயே உணர்த்தப்படுகிறது.

3. சட்டம் காணும் பகுப்பு

இன்றைய சட்டமும் ஒரு பாட்டை ஒரே பொருளாகக் காண்பதில்லை. பாட்டின் சொற்கள் இலக்கியப் படைப்பு. மெட்டு இசைப் படைப்பு. அவை பதிவான ஒலித்தட்டோ கோப்போ ஒலிப்பதிவு என்னும் மூன்றாவது படைப்பு. பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை என ஒன்று தனியே உண்டு. மேடையில் ஒருவர் தம் குழுவினரின் வாத்தியங்களோடு பாடினால் சொல்லும் மெட்டும் பொதுவில் நிகழ்த்தப்படுகின்றன. குரல் நீக்கிய இசைத்தடத்தை ஒலிக்கவிட்டு அதன்மேல் பாடினால் ஒலிப்பதிவின் உரிமையும் சேர்ந்துகொள்கிறது. நம் பள்ளிகளிலும் கலை இரவுகளிலும் இன்று மிகுதியாக நிகழ்வது இவ்விரண்டாவது வகையே என்பது கவனத்திற்குரியது.

மலேசியாவில் 1987ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் பொதுவில் நிகழ்த்தும் உரிமையைப் படைப்பின் உரிமையாளருக்கு அளிக்கிறது. இலாப நோக்கமற்ற மன்றமோ நிறுவனமோ, அறப்பணிக்காக அல்லது கல்விக்காக, நுழைவுக் கட்டணம் இல்லாத இடத்தில் நிகழ்த்துவதை அச்சட்டமே விலக்கி வைத்துள்ளது. இந்த மூன்று நிபந்தனைகளும் ஒருங்கே நிறைவேற வேண்டும் என்பதைத் தமிழாசிரியர் மனத்தில் கொள்வது நல்லது. பள்ளியின் பெயரால் நடப்பதனாலேயே ஒரு நிகழ்ச்சிக்கு விலக்குக் கிட்டிவிடாது. நுழைவுச்சீட்டு விற்றால் நிலைமை மாறிவிடுகிறது. இந்தியச் சட்டம் விலக்கினை வேறு வகையில் வகுக்கிறது. கல்வி நிறுவனத்தின் பணிகளின்போது ஆசிரியரும் மாணவரும் நிகழ்த்த, அவர்களும் பெற்றோரும் நிறுவனத்தோடு தொடர்புடையோரும் மட்டும் அவையினராக இருந்தால் அது மீறல் ஆகாது. சமயச் சடங்குகளுக்கும் திருமணத்தோடு இணைந்த நிகழ்ச்சிகளுக்கும் அங்கு விலக்கு உண்டு. ஒரு நாட்டின் விலக்கை மற்றொரு நாட்டிற்குப் பொருத்திப் பேசுவது நம்மிடையே காணப்படும் பொதுவான பிழையாகும்.

விலக்குக்குள் அடங்காத நிகழ்ச்சிகளுக்கு உரிமம் பெற வேண்டும். ஒவ்வொரு பாடலாசிரியரையும் இசையமைப்பாளரையும் தேடிச் செல்லவேண்டியதில்லை. படைப்பாளர் சார்பில் உரிமம் வழங்கி, உரிமைத்தொகை திரட்டிப் பகிரும் அமைப்புகள் உள்ளன. மலேசியாவில் 1989இல் நிறுவப்பெற்ற எம்.ஏ.சி.பி., சிங்கப்பூரில் 1987இல் தோன்றிய காம்பஸ், இந்தியாவில் ஐ.பி.ஆர்.எஸ். ஆகியவை அத்தகையவை. வழக்கில் உரிமம் பெறுவது பாடகரின் வேலையாக இருப்பதில்லை. நிகழ்ச்சியை நடத்துவோரோ அரங்கத்தாரோ அதனைப் பெறுவர்.

பணத்தைப் பற்றிய இவ்விதிகளுக்கு அடுத்து நிற்பது நாம் பெரிதும் கவனியாமல் விட்ட ஒரு பகுதி. அது அறவுரிமை எனத்தக்க உரிமையாகும். மலேசியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, ஒரு படைப்பினை எவ்வகையில் வழங்கினாலும் ஆசிரியரை அடையாளங் காட்டாமல் வழங்குவதையும், ஆசிரியரல்லாத ஒருவர் பெயரில் வழங்குவதையும் அவரது ஒப்புதலின்றிச் செய்தலாகாது என்கிறது. அவருடைய மதிப்பைக் குலைக்குமாறு படைப்பைத் திரிப்பதையும் அது தடுக்கிறது. சிங்கப்பூரில் 2021 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்த புதிய காப்புரிமைச் சட்டம், படைப்பு பொதுவில் பயன்படுத்தப்படும்போது படைப்பாளரும் நிகழ்த்துநரும் அடையாளங் காட்டப்படும் உரிமையை முதன்முறையாக வழங்கியது. அதற்கு முன்னிருந்த சட்டம் பொய்ப்பெயர் சூட்டுவதை மட்டுமே தடுத்தது. ஆகவே, கண்ணதாசன் எழுதிய பாடலை டி.எம்.எஸ். பாடல் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாடத் தொடங்குவது வெறும் நாகரிகக் குறை அன்று. இவ்விரு நாடுகளின் சட்டங்களும் காக்க முனைந்த ஒன்று அங்குக் கைவிடப்படுகிறது. பரிபாடலின் குறிப்பும் 25ஆம் பிரிவும் இவ்விடத்தில் ஒத்துப்போகின்றன.

4. பாரதி பாடல்: விடுதலை பெற்ற சொல்

தமிழில் பாடலுரிமை பொதுமக்களின் பேசுபொருளானது பாரதியார் பாடல்களால்தான். 1921இல் பாரதியார் மறைந்தபின் அவர் நூல்களின் பதிப்புரிமை ஒருவரிடமும், பாடல்களை ஒலித்தட்டில் பதிவுசெய்யும் உரிமை வேறொருவரிடமும் சென்று சேர்ந்தன. பின்னதனை ஜேசிங்லால் மேத்தா என்னும் வணிகரிடமிருந்து ஏவி. மெய்யப்பச் செட்டியார் விலைக்கு வாங்கினார். ஏவி.எம். நிறுவனத்தின் 'நாம் இருவர்' (1947) திரைப்படத்தில் பாரதியார் பாடல்கள் இடம்பெற்றுப் பெரும் வரவேற்பைப் பெற்றன. 1948இல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' திரைப்படத்தில் பாரதியார் பாடல் ஒன்று பயன்படுத்தப்பட்டபோது உரிமை மீறல் எனக் கூறி ஏவி.எம். வழக்குத் தொடுத்தது. விடுதலைக்காகப் பாடிய கவிஞரின் பாடல் விடுதலை பெற்ற நாட்டில் ஒரு நிறுவனத்தின் உடைமையாவதா என்ற கேள்வி எழுந்தது. நாரண. துரைக்கண்ணன் உள்ளிட்ட எழுத்தாளர்கள் கிளர்ந்தெழுந்தனர். 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியார் படைப்புகளின் உரிமையைப் பெற்றுப் பொதுமக்களுக்கு உரியதாக்கும் முடிவை அறிவித்தது. மெய்யப்பச் செட்டியார் தம் உரிமையை விலை பெறாமல் விட்டுக்கொடுத்தார். இவ்வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி ஆவணச் சான்றுகளோடு விரிவாக எழுதியுள்ளார்.

இந்நிகழ்ச்சி இரு பாடங்களைத் தருகிறது. முதலாவது, காப்புரிமை எப்போதும் படைப்பாளரிடமே தங்கியிருப்பதில்லை. அது விற்கப்படுவது, கைமாறுவது. பாரதியார் குடும்பம் வறுமையில் உழன்றபோது அவர் பாடலின் பயன் வேறு கைகளில் இருந்தது. எனவே உரிமைத்தொகை கட்டிவிட்டால் கவிஞருக்குரியது அவரைச் சேர்ந்துவிடும் என்பது எல்லா நேரத்திலும் உண்மையாகாது. இரண்டாவது, சமூகம் விரும்பினால் உரிமையை முறைப்படி பெற்றுப் பாடலைப் பொதுவாக்கலாம். அன்றைய எழுத்தாளர் சட்டத்தை மீறுமாறு மக்களைத் தூண்டவில்லை; உரியோரிடமிருந்து பெற்றுத் தருமாறு அரசை வற்புறுத்தினர். 'தமிழ் வளர்ச்சிக்காகப் பாடுகிறோம், எங்களுக்கு எதற்கு உரிமம்' என்று வாதிடுவோர் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்க்கவேண்டும்.

நாட்டுடைமை பற்றிய நம் புரிதலில் ஒரு பிழையும் கலந்துள்ளது. பாரதியார் பாடல் பொதுவுடைமை என்பதால் அதனை எம்முறையில் பாடினாலும் தடையில்லை என்று கருதுகிறோம். பொதுவுடைமையானவை அவர் சொற்களும் அவரே அமைத்த இசையும். 'கப்பலோட்டிய தமிழன்' (1961) திரைப்படத்தின் பாடல்கள் பாரதியாருடையவை. அவற்றிற்கு இசையமைத்தவர் ஜி. இராமநாதன். அவர் 1963இல் மறைந்தார். ஆசிரியர் மறைவுக்குப் பின் 50 ஆண்டு என்னும் மலேசியப் பொதுக்கணக்கின்படி 2013ஆம் ஆண்டு முடிவு வரையும், 60 ஆண்டு என்னும் இந்தியக் கணக்கின்படி 2023ஆம் ஆண்டு முடிவு வரையும், 70 ஆண்டு என்னும் சிங்கப்பூர்க் கணக்கின்படி 2033ஆம் ஆண்டு முடிவு வரையும் இசைப்படைப்புக்குக் காப்பு அமைகிறது. ஞான ராஜசேகரன் இயக்கிய 'பாரதி' (2000) திரைப்படத்திற்கு இசையமைத்தவர் இளையராஜா. அதில் பாரதியாரின் சொற்கள் பொதுவுடைமை, மெட்டு அவ்வாறன்று. பாரதி விழாவில் மாணவர் பாடுவது பெரும்பாலும் திரையில் கேட்ட மெட்டையே. அவ்வாறு பாடுவது தவறு என்பது என் கருத்தன்று. இசையமைத்தவர் பெயரைச் சொல்வதும், விலக்குக்குள் அடங்காத நிகழ்ச்சியாயின் உரிமம் பெறுவதும் அங்குக் கடமையாகின்றன. இன்னொரு வழியும் உண்டு. பாரதியார் தம் பாடல்கள் பலவற்றிற்கு இராகமும் தாளமும் குறித்துச் சென்றுள்ளார். 'சங்கீத விஷயம்' என்னும் கட்டுரையில் பாடகர்கள் ஒரு சில பாடல்களையே பொருளறியாமல் திரும்பத் திரும்பப் பாடுவதைக் கண்டித்தவர் அவர். அவர் குறித்த இராகத்தில் மாணவருக்குப் புதிதாக இசை அமைத்துக் கற்பிக்கும் ஆசிரியர், உரிமைச் சிக்கலிலிருந்து விடுபடுவதோடு அவர் விரும்பிய பணியையும் செய்தவராவார்.

5. திரைப்பாடலாசிரியரின் நிலை

திரைப்பாடலில் சிக்கல் மிகுதி. 1977இல் இந்திய உச்ச நீதிமன்றம், திரைப்படத்திற்காகப் பணம் கொடுத்து எழுதுவிக்கப்பெற்ற பாடலுக்கும் இசைக்கும், மாறான ஒப்பந்தம் இல்லாதவிடத்து, தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் எனத் தீர்ப்பளித்தது. அதாவது கவிஞரின் பாட்டு மேடையில் ஆயிரம் முறை பாடப்பெற்றாலும் அவர் உரிமைத்தொகை கோர இயலாத நிலை. அத்தீர்ப்பிலேயே நீதிபதி கிருஷ்ணய்யர் பாடகருக்குச் சட்டத்தில் இடமில்லாமையைத் தனியே சுட்டிக்காட்டினார். பாடகருக்கு நிகழ்த்துநர் உரிமை 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது. திரையரங்கில் படத்தோடு காட்டுவதைத் தவிர்த்த ஏனைய பயன்பாடுகளுக்கு உரிமைத்தொகையில் பங்குபெறும் உரிமையை இனி அவர்கள் பிறருக்கு விட்டுக்கொடுக்கவே இயலாது என்று அத்திருத்தம் வகுத்தது. மாநிலங்களவையில் இதற்காக வாதாடிய பாடலாசிரியர் ஜாவேத் அக்தரின் பங்கு இங்கு நினைக்கத்தக்கது.

இப்பின்னணியில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாடல்களை எண்ணிப் பார்க்கலாம். 1959இல் 29 வயதில் மறைந்த அவருடைய படைப்புகளைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியது. கவிஞர்க்குச் செய்த சிறப்பு என்ற வகையில் அது போற்றத்தக்கது. ஆனால் அரசு பெறக்கூடியது கவிஞர் குடும்பத்தாரிடம் இருந்த உரிமையை மட்டுமே. திரைப்பாடலின் மெட்டும் ஒலிப்பதிவும் அதில் அடங்கா. 'நாட்டுடைமை ஆக்கப்பட்ட கவிஞர், ஆகவே பாடல் முழுவதும் பொது' என்ற முடிவு இங்கும் பொருந்தாது. 1981இல் மறைந்த கண்ணதாசனின் சொற்களுக்கோ மலேசியக் கணக்கில் 2031, இந்தியக் கணக்கில் 2041, சிங்கப்பூர்க் கணக்கில் 2051 ஆகிய ஆண்டுகளின் முடிவு வரை காப்பு உள்ளது. சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் ஒரே மாதத்தில் ஒரே பாடலைப் பாடும் ஒரு குழு இரு வேறு கணக்குகளுக்கு உட்பட நேரும்.

2017 மார்ச்சில், அமெரிக்காவில் பயணம் மேற்கொண்டிருந்த எஸ்.பி. பாலசுப்பிரமணியத்திற்கும் அவர் குழுவினருக்கும் தம் ஒப்புதலின்றித் தம் பாடல்களைப் பாடக்கூடாது என இளையராஜா சட்ட அறிவிப்பு அனுப்பினார். இச்சட்ட நுணுக்கங்களைத் தாம் அறியாதவர் என்றும், சட்டம் அதுவாயின் அதற்குக் கட்டுப்படுவதாகவும் பாலசுப்பிரமணியம் தெரிவித்து, மேடைகளில் அப்பாடல்களைத் தவிர்த்தார். தமிழுலகம் உடனே இரு அணியாகப் பிரிந்தது. ஒரு சாரார் இசையமைப்பாளரின் உரிமையைப் பேசினர். மற்றொரு சாரார் பாடகரின் உழைப்பையும் இருவரின் நட்பையும் பேசினர். அவ்விவாதத்தில் இல்லாதவர் பாடலாசிரியர். 'யாருடைய பாட்டு' என்று நாள்கணக்கில் வினவிய மக்கள் அப்பாட்டை எழுதியவரை நினைக்கவில்லை.

இதனை ஒருவரது குறையாகக் கொள்ளாமல் நம் திறனாய்வின் குறையாகவே கொள்ள வேண்டும். இதழ்கள், வானொலி, பட்டிமன்றம், பல்கலைக்கழக ஆய்வேடு ஆகிய எல்லாவற்றிலும் திரைப்பாடல் சொற்களாகவே எடுத்துக்காட்டப்படுகிறது. கருத்து, உவமை, நயம் எனப் பாராட்டப்படுவன அனைத்தும் கவிஞரின் சொற்களே. மேடை ஏறும்போதோ அச்சொற்கள் பாடகரின் பெயருக்கோ இசையமைப்பாளரின் பெயருக்கோ மாறிவிடுகின்றன. 2024 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தில் இளையராஜாவின் பாடல்கள் தொடர்பாக எக்கோ நிறுவனம் தொடுத்த மேல்முறையீட்டின் விசாரணையின்போது, பாடல் வரிகள் இன்றிப் பாட்டு இல்லையே, பாடலாசிரியரும் உரிமை கோரினால் என்னாகும் என்ற வினாவை நீதிமன்றமே எழுப்பியது. தமிழ்த் துறையிலிருந்து எழுந்திருக்க வேண்டிய வினா நீதிமன்றத்திலிருந்து எழுந்தது.

6. நம் மேடைகளும் ஆசிரியர் பொறுப்பும்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் வாழ்வதற்குப் பாட்டு ஆற்றிய பணி பெரிது. 1952இல் கோ. சாரங்கபாணி தொடங்கிவைத்த தமிழர் திருநாள் மேடைகள், மலேசிய இந்து சங்கம் நடத்திவரும் திருமுறை ஓதும் விழாக்கள், தமிழ்ப்பள்ளிப் பாட்டுப் போட்டிகள் ஆகியவை பிறர் பாடலைப் பாடியே தலைமுறைகளைத் தமிழோடு பிணைத்துள்ளன. 'சட்டம் பேசினால் இம்மேடைகள் வாயடைத்துப் போகும்' என்ற அச்சம் எளிதில் தள்ளத்தக்கதன்று. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பாடும் தொழிலாளியையும் பேரரங்கில் நுழைவுச்சீட்டு விற்று நடக்கும் நட்சத்திர நிகழ்ச்சியையும் ஒரே தட்டில் நிறுத்துவது நீதியாகாது. சட்டம் அவ்வாறு நிறுத்தவில்லை என்பதை மேற்காட்டிய விலக்குகள் உணர்த்தும். கட்டணமின்றிக் கல்விக்காகவும் அறப்பணிக்காகவும் பாடுவோர்க்கு இடம் விடப்பட்டுள்ளது. வருவாய் ஈட்டுவோரிடமே பங்கு கேட்கப்படுகிறது. வருவாயில் ஒலிபெருக்கிக்காரருக்கும் விளக்கமைப்பவருக்கும் பங்கு தருகிறோம். பாட்டை ஆக்கியவருக்கு மட்டும் 'தமிழுணர்வு' என்று சொல்லிக் கைவிரிப்பது பொருந்தாது. இவ்வழக்கத்தால் பாதிக்கப்படுவோருள் இந்நாடுகளிலேயே எழுதி இசையமைக்கும் தமிழ்க் கலைஞரும் உளர். சிறிய சந்தையில் இயங்கும் அவர்களுக்கு மேடைப் பயன்பாடு தரும் சிறு தொகையும் பொருட்படுத்தத்தக்கதே.

பெயருக்கும் பணத்திற்கும் உள்ள தொடர்பை இங்கு எடுத்துக்காட்டுவது இன்றியமையாதது. உரிமைத்தொகை திரட்டும் அமைப்பு, எந்தப் பாடல் பாடப்பெற்றது, எழுதியவர் யார், இசையமைத்தவர் யார் என்ற பட்டியலைக் கொண்டே தொகையைப் பகிர்கிறது. பட்டியலில் பாடகர் பெயரும் படத்தின் பெயரும் மட்டும் இருந்தால் உரியவரைக் கண்டறிதல் கடினமாகிறது. எழுதியவர் பெயரை மறக்கும் மேடை அவருக்குரிய தொகையையும் தடுமாறச் செய்கிறது. அறிவிப்பாளரின் ஒரு வரி வெறும் மரியாதையாக நின்றுவிடுவதில்லை.

ஆசிரியர்களிடையே பரவலான மற்றொரு வழக்கமும் கருதத்தக்கது. புகழ்பெற்ற திரைமெட்டில் ஆசிரியர் தினப் பாடலோ பள்ளி வாழ்த்தோ எழுதிப் பாடுவிக்கிறோம். பிறர் மெட்டில் புதுப் பாட்டு எழுதுவது தமிழில் பழைய முறையே. பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களிலும் குஜிலிப் பாடல்களிலும் பாட்டின் தலையில் இன்ன பாட்டின் 'வர்ணமெட்டு' என்று குறித்திருப்பர். எளிய அச்சகங்களில் மலிவு விலைக்கு அச்சான அப்புத்தகங்கள் காட்டிய நேர்மை, வண்ணத்தில் அச்சாகும் நம் விழா மலர்களில் இல்லை. மூலப்பாடலின் சொல்லை மாற்றும்போது அதனை எழுதியவரின் மதிப்பைக் குலைக்காத வகையில் மாற்ற வேண்டும் என்ற வரம்பும் உண்டு.

இவற்றைக் கருதும்போது ஆசிரியரும் மாணவர் மன்றங்களும் பின்பற்றத்தக்க நடைமுறை மிக எளியது. நிகழ்ச்சி நிரலில் ஒவ்வொரு பாடலுக்கும் பாட்டு, இசை, முதலில் பாடியவர் ஆகிய மூன்று பெயர்களையும் தருதல் வேண்டும். அறிவிப்பாளர் எழுதியவர் பெயரை முதலில் சொல்லப் பழக வேண்டும். பாட்டுப் போட்டிகளில் பங்கேற்கும் மாணவர், தாம் பாடும் பாடலை இயற்றியவரையும் இசையமைத்தவரையும் கூறுவதை விதியாக்கலாம். நுழைவுக் கட்டணம் உண்டெனில் அரங்கத்தாரிடம் உரிமம் பற்றி முன்கூட்டியே கேட்டுத் தெளிந்து, பாடல் பட்டியலை முழுமையாக அளிக்க வேண்டும். இவற்றுள் பணச்செலவு உடையது இறுதியானது ஒன்றே.

7. முடிவுரை

காப்புரிமை என்பது மேலைநாட்டிலிருந்து வந்த கட்டுப்பாடு, தமிழ் மரபில் பாட்டு எல்லார்க்கும் பொது என்ற கூற்று அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. அதில் பாதி உண்மை உண்டு. பாடும் உரிமையை மரபு விலைக்கு விற்கவில்லை. பாடுவோர்க்குப் பயன் கூறி அழைத்தது. ஆனால் பெயரை அது பொதுவாக்கவில்லை. திருக்கடைக்காப்பும் முத்திரையும் பரிபாடற் குறிப்பும் அதற்குச் சான்று. இன்றைய சட்டமோ பெயரையும் பணத்தையும் சேர்த்தே கேட்கிறது. நம் மேடை மரபிலிருந்து தாராளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதனோடு பிறந்த கடமையை விட்டுவிட்டது. சட்டத்திலிருந்து அச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அது தரும் விலக்குகளையும் வழிகளையும் அறியாமல் நிற்கிறது.

பரிபாடலுள் இன்று முழுமையாகக் கிடைப்பவை 22 பாடல்கள். அவற்றின் பண்கள் எவ்வாறு ஒலித்தன என்பதை நாம் அறியோம். பாடியவர் குரல் நமக்கு எட்டவில்லை. எழுதியவர் பெயரும் இசை வகுத்தவர் பெயரும் எஞ்சியுள்ளன, யாரோ ஒருவர் பாட்டுகள் பலவற்றின் அடியில் அவற்றைக் குறித்து வைத்த காரணத்தால். அடுத்த விழாவின் நிரலைத் தட்டச்சு செய்யும் மாணவர்க்கு நாம் கற்பிக்க வேண்டியது அவ்வொரு வரியையே.